மாணிக்கம், எங்கே போய்விட்டீர்கள்?

"மாணிக்கம், உங்கள் உதடுகள் வறண்டுவிட்டனவா?"

செவ்வாய்க்கிழமை காலை ஆபீஸில் கணினியைத் திறந்ததும் முதலில் வந்து நின்ற மின்னஞ்சல் இதுதான். அனுப்பியது ஓர் ஆன்லைன் கடை. அங்கே நான் வாங்கியது ஒரே ஒரு ரைஸ் குக்கர். அதற்குப் பிறகு அவர்கள் என்னை விட்டபாடில்லை. உதட்டுத் தைலம் பாதி விலையாம்!

சின்னச் சிக்கல் – மாணிக்கம் நான் இல்லை. என் அப்பா.

பக்கத்து மேசை தினேஷ் எட்டிப் பார்த்தான். "அலமாக்! உங்கப்பா லிப் பாம்லாம் போடுவாரா? சொல்லவே இல்லையே லா!"

இது எப்படி நடக்கிறது என்று உங்களுக்கே தெரியும். கடையில் கணக்குத் திறக்கும்போது குடும்பப் பெயர் கேட்பார்கள். நமக்கு ஏது குடும்பப் பெயர்? ஐசி அடையாள அட்டையில் நம் பெயர், நடுவில் 'மகள்' என்று சொல்லும் அந்த ஏ/பி, கடைசியில் அப்பா. வேறு வழி? அப்பாவைத் தூக்கி அந்தக் கட்டத்தில் உட்கார வைத்துவிடுகிறோம். கடையும் மரியாதையாக அவரையே அழைக்கிறது.

அழைப்பு என்றால் சாதாரண அழைப்பா? "மாணிக்கம், உங்கள் கூடையில் ஒருவர் தனியாகக் காத்திருக்கிறார்" என்று ஒன்று. திறந்து பார்த்தால்... நான் வேண்டாமென்று விட்டுப்போன நீலநிற மாப் வாளி! இன்னொன்று வெறுமனே, "மாணிக்கம், எங்கே போய்விட்டீர்கள்?" இப்படி உருகி எனக்கு யாரும் எழுதியதில்லை.

நான் நிரல் எழுதுகிறவள். தப்பைப் பார்த்தால் கை அரிக்கும். அதைவிட, இந்தக் கடிதங்கள் எல்லாம் எங்கள் ஊர் ரெங்கத்தில் இருக்கும் அப்பாவின் போனிலும் விழுகின்றன. புதுப் போன் வாங்கியபோது அவருக்கென்று மின்னஞ்சல் முகவரி இல்லை. என் பழைய முகவரியையே போட்டுக் கொடுத்திருந்தேன். பாவம், காலையும் மாலையும் அவருக்கு என்ன தொல்லை! பெயரை மாற்றிவிடுவோம் என்று உள்ளே போனேன். கடை உடனே ஓர் உறுதி எண்ணை அப்பாவின் போனுக்கு அனுப்பியது. ரைஸ் குக்கர் போனது அந்த வீட்டுக்கு; தொடர்புக்கு அவர் எண்ணைத்தானே கொடுத்திருந்தேன்.

கூப்பிட்டேன்.

"அப்பா, ஒரு நம்பர் மெசேஜ் வந்திருக்கும். படிங்க."

"வந்திருக்கு. எதுக்கு?"

"அந்தக் கடையில உங்க பேரை எடுத்துட்டு என் பேரைப் போடப் போறேன்."

யாரோ மோட்டார் சைக்கிளை உதைத்துக் கிளப்புவது அந்தப் பக்கம் கேட்டது.

"யார் கேட்டாலும் இந்த நம்பரைக் கொடுக்கக்கூடாதுன்னு நீதானம்மா சொன்ன?"

"அப்பா! கேக்கறது நானு!"

"ஸ்கேமரும் அப்படித்தான் லா சொல்லுவான்."

பின்னாலிருந்து அம்மாவின் குரல் பாய்ந்தது. "குடுத்துத் தொலைங்களேன்! காலங்காத்தால பேரைச் சொல்லிக் கூப்பிடறா எவளோ. கட்டிக்கிட்ட நானே ஒரு தடவ கூப்பிட்டதில்ல!"

"பாத்தியா, உங்கம்மாவுக்குப் பொறாமை."

"அப்பா, அது ஆளே இல்ல. மெஷின். ஆபீஸ்ல நானும் அந்த மாதிரிதான் எழுதறேன்."

"தெரியும்மா. ஃபோர்க்லிஃப்ட் ஓட்டினவனுக்கு மெஷின் தெரியாதா?" சிரித்தார். பிறகு குரல் இறங்கியது. "வேலையில இருந்தப்ப, மாணிக்கம் இங்க வா, மாணிக்கம் அதத் தூக்குன்னு நாள் பூரா கூப்பிடுவானுங்க. ரிட்டையர் ஆனதும் நின்னுபோச்சு. நீ அப்பாங்கற. உங்கம்மா 'இந்தாங்க'ங்கறா. கடைக்குப் போனா அங்கிள். பேரு சும்மாவே கெடக்கு. துரு புடிச்சிரும் போல... அது பாட்டுக்கு இருக்கட்டும்மா."

திரையில் அந்த எண்ணின் ஆயுள் முடிந்திருந்தது. நான் இன்னொன்று கேட்கவில்லை.

அன்றைக்கு வேலையில் மனம் நிற்கவே இல்லை. பெயர் இருந்தால் பெயரைப் போடு, இல்லாவிட்டால் 'அன்புள்ள வாடிக்கையாளரே' என்று போடு... இப்படி ஒரு வரியை நானும் எத்தனையோ தடவை எழுதியிருக்கிறேன். அது யார் வீட்டில் போய் விடிகிறது என்று யோசித்ததுண்டா? எங்கோ ஒரு குளிர்ந்த அறையில், ஆளில்லாத இருட்டில், பச்சை விளக்குகள் சிமிட்ட ஒரு சர்வர் ஒவ்வொரு பெயராக முணுமுணுக்கிறது. அதில் ஒரு பெயர் நெடுஞ்சாலைக்கு மேல் மிதந்து, செம்பனைத் தோட்டத்துப் பனிக்குள் இறங்கி, ரெங்கத்தில் கோப்பி ஆற்றிக்கொண்டிருக்கும் ஒருவரின் சட்டைப் பையில் 'டிங்' என்கிறது. அவர் நிமிர்ந்து பார்க்கிறார்... யாரோ கூப்பிட்டார்களே!

அப்பாவின் பெயர் என் பாஸ்போர்ட்டில் இருக்கிறது. பேங்கில், கிளினிக்கில், நான் போகிற இடமெல்லாம் என் பின்னால் வருகிறது. அவர் வீட்டுக்குள் மட்டும் அதற்கு வேலையில்லை. விசித்திரமாக இல்லை?

என் வலைப்பூ உங்களுக்குத் தெரிந்ததுதான். வாரந்தோறும் நிரல் பற்றித் தமிழில் எழுதி, சந்தாதாரர்களுக்கு மின்னஞ்சலிலும் அனுப்புவேன். பதில்? எடை குறைக்கும் மாத்திரை விற்கும் ரோபோக்கள் தவறாமல் பாராட்டும். மனிதர்கள் மூச்சு விடமாட்டார்கள். ஒரு நாள் கடையைச் சாத்திவிடலாம் என்றுகூட இருந்தேன்.

இந்த வாரம் அந்தச் சந்தாதாரர் பட்டியலில், அப்பா போனில் இருக்கும் பழைய முகவரியோடு ஒரு பெயரைச் சேர்த்தேன். மின்னஞ்சலின் முதல் வரியில் ஒரு சின்ன மாற்றமும் செய்தேன். "மாணிக்கம், எப்படி இருக்கிறீர்கள்?" என்று தொடங்கியது கடிதம். பெற்ற அப்பாவைப் பெயர் சொல்லி அழைத்து... அனுப்பும் பொத்தானை அழுத்தும்போது விரல் கூசியது. மெஷின் கூப்பிட்டதாக இருக்கட்டும் என்று கண்ணை மூடிக்கொண்டு அழுத்தினேன்.

மதியம் பதில் வந்தது. வலைப்பூ வாழ்க்கையில் ஒரு மனிதர் எனக்கு எழுதிய முதல் பதில். ஆங்கில எழுத்தில் தட்டிய தமிழ்.

"மாணிக்கம் பேசறேன். சரக்கு கிடைச்சது. ஒண்ணும் புரியல, நல்லா இருக்கு. ஆள் எப்ப டெலிவரி?"

கடைசியாக எப்போது வீட்டுக்குப் போனேன் என்று யோசித்தேன். ரைஸ் குக்கரை நேரில் கொண்டுபோக நேரமில்லாமல்தானே ஆன்லைனில் அனுப்பினேன்?

சனிக்கிழமை காலை, ரெங்கத்துக்குப் பக்கத்து ஊரான குளுவாங்குக்குப் பஸ் ஏறிவிட்டேன். டெலிவரி இலவசம்... திருப்பி அனுப்ப முடியாது!