என் மேசைவிரிப்புக்குக் கிடைத்த கைத்தட்டல்

குமாரபாளையத்துத் தறிகளில் கழித்துப்போடும் துண்டுத் துணிகளை ஒட்டுப்போட்டுத் தைப்பது என் பொழுதுபோக்கு. ஒரு மழைக்காலம் முழுக்கத் தைத்த நீலநிற மேசைவிரிப்பைத் திருச்செங்கோட்டு நாத்தனாருக்குக் கொடுத்தேன். எப்போது போனாலும் அவர் வீட்டு மேசை வெறுமையாகவே கிடக்கும். கேட்டால், "பத்தரமா இருக்குது அம்மிணி" என்பார். எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

நாத்தனார் தலைமையாசிரியை. போன மாதம் அவர் பள்ளியில் வேன் ஓட்டுநருக்குப் பணி நிறைவு விழா; என்னையும் அழைத்திருந்தார். கைத்தட்டலுக்கு நடுவே நாத்தனார் அவருக்குப் போர்த்தியது என் விரிப்பை.

நாத்தனார் மேடையிலிருந்து இறங்கியதும், "அண்ணி, அது மேசைக்குங்க" என்றேன், பல்லைக் கடித்தபடி.

"அத்தன அழகானதுல கொழம்பு சிந்தோணுமாக்கும்? கடைச் சால்வ இதுக்குக் கிட்ட வருமா?"

போர்த்திய சால்வையை உடனே கழற்றி மடிப்பதுதான் மேடை வழக்கம். ஓட்டுநர் கழற்றவே இல்லை. பந்தியிலும் அதோடுதான் உட்கார்ந்தார். நீலத்தில் ரசம் சொட்டிக்கொண்டே இருந்தது. உண்மையைச் சொல்லி வாங்கிவிடுவதென்று எழுந்து போனேன். நான் கை கழுவி வருவதற்குள் அவர் மொபெட்டில் ஏறியிருந்தார். விரிப்பின் முனை பின்சக்கரத்தருகே ஆடியது.

"அண்ணா, சால்வை சக்கரத்துல மாட்டிக்கும், சுருட்டிக்கோங்க" என்றேன்.

"ஆகட்டுங் சாமி" என்று அவசரமாக எடுத்து மார்போடு அணைத்துக்கொண்டார்.

சால்வை என்று என் வாயே சொல்லிவிட்டது. வீடு வந்து சேரும்வரை எரிச்சல் தீரவில்லை. யார் மேல் என்றுதான் தெரியவில்லை.