தண்ணீர் படாமல் கடைந்த இரும்பு

வைக்கோல் நிறத்தில் புறப்படும் இரும்புச் சுருள், தகரத் தட்டில் விழுவதற்குள் மயில்கழுத்து நீலமாகிவிடும். சுட்ட இரும்பின் நெடி அடுக்களை வரை வரும். இரணியலில் எங்கள் வீட்டை ஒட்டி அப்பா வைத்திருந்த லேத் பட்டறையில், நான் ஆறாம் வகுப்பு படித்த ஆண்டில்தான் அந்த நீலச் சுருள்கள் விழத் தொடங்கின.

அதுவரை அங்கே "பால்தண்ணி" ஓடிக்கொண்டிருந்தது. இரும்பைக் கடையும்போது சூடேறாமலிருக்க ஊற்றும் எண்ணெய் கலந்த வெள்ளைத் தண்ணீருக்கு எங்கள் வீட்டில் அதுதான் பெயர். அது அப்பாவுக்கு ஒத்துக்கொள்ளவில்லை. விரல்கள் வெடித்து நீர் வடிந்தது. மீன்குழம்பின் புளி பட்டால் துடித்துப்போவார் என்பதால் அம்மா சோற்றை உருட்டி ஊட்டினாள். கையுறை போடவும் வழியில்லை, சுழலும் லேத்தில் சிக்கினால் கையே போய்விடும். அந்தத் தண்ணீரைத் தொடவே கூடாது என்று நாகர்கோவில் டாக்டர் சொன்னதும், பட்டறையை மூடிவிடலாம் என்றார் அப்பா.

"தண்ணி இல்லாம ஓட்டிப் பாருங்களேன்" என்றாள் அம்மா.

"இரும்பு பழுத்துப்போவும். வெட்டுக டூலுக்க மொனையும் போவும்."

"பைய ஓட்டுங்க. ஒங்கள யாரு வெரட்டுகா?"

விரட்டவும் ஆள் வந்தார். குளச்சல் அந்தோணி மாமா, மீன்பிடி வள்ளத்து எஞ்சினின் தேய்ந்த ஷாஃப்ட் தண்டையும், அதேபோல் புதிதாகக் கடைய ஓர் இரும்புத் துண்டையும் கொண்டுவந்தார். மறுநாள் கடலுக்குப் போயாக வேண்டுமாம். அப்பா வேகத்தைக் குறைத்து, மெல்லிய வெட்டாகச் சீவிச் சீவி, கடைசி வெட்டுக்கு முன் லேத்தை நிறுத்திவிட்டார்.

"ஏன் நிறுத்திப்போட்டீரு?" என்று பதறினார் மாமா.

"சூட்டுல அளந்தா தடிப்பாக் காட்டும். ஆறுனா சிறுத்துப்போவும். பெறவு ஒமக்க எஞ்சின்ல கெடந்து ஆடும்."

மாமாவுக்குப் பொறுக்கவில்லை. தோளில் கிடந்த துவர்த்துத் துண்டை எடுத்து, காய்ச்சலில் படுத்த பிள்ளைக்கு வீசுவதுபோல் அந்த இரும்புக்கு வீசத் தொடங்கினார். அம்மா கட்டன்சாயாவை நீட்டி, "அண்ணே, மொதல்ல நீங்க ஆறுங்க" என்றாள். அப்பா சிரித்துவிட்டார், மாதக்கணக்காக நாங்கள் கேட்காத சிரிப்பு. இரும்பு ஆறியபின் அளந்து, கடைசி வெட்டை எடுத்துக் கொடுத்தார். வள்ளம் கரைசேர்ந்த கையோடு, ஓலைப்பெட்டி நிறையச் சாளை மீனுடன் மாமா வாசலில் வந்து நின்றார்.

அதன்பின் "ஆறட்டும்" என்பதே பட்டறையின் பேச்சானது. வந்தவர்கள் காத்திருந்தார்கள், மாமா கடல்கதை சொன்னார். வெடிப்புகள் மெல்ல மூடின. கிறிஸ்துமஸ் அன்று அப்பா தன் கையாலேயே பிசைந்து சாப்பிட, அம்மா எதிரே உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தாள்.

இன்று அந்த லேத்தும் இல்லை, மாமாவும் இல்லை. அவர் மகன் எஞ்சின் பாகங்களைப் போனிலேயே வாங்கிவிடுகிறான். அவன் வள்ளம் ஒருநாளும் கரையில் முடங்குவதில்லை, நல்லதுதான். ஆனால் எங்கள் வீடு எது என்று அவனுக்குத் தெரியாது.