இறங்கிப் பழகாத கால்கள்

லிஃப்ட் ரிப்பேர் செய்பவருக்கு லிஃப்டில் ஏறிப் போகக் கொடுத்து வைக்கவில்லை. பழுதாகிக் கிடப்பதே அதுதானே. பத்து மாடியோ பதினைந்து மாடியோ, கருவிப் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு உச்சியிலிருக்கும் மெஷின் ரூம் வரை படியேறித்தான் போக வேண்டும். நம் ஆள் இருபத்திரண்டு வருஷம் அப்படி ஏறினார். கம்பெனியில் அவருக்கு வைத்த பெயரே படியேறி. அதில் அவருக்குக் கொஞ்சம் மிதப்பும் உண்டு.

அவர் பார்க்கும் கட்டடங்களில் ஒன்றில், ஏழாம் மாடியில், ரிட்டயரான டீச்சர் ஒருவர் தனியாக இருந்தார். லிஃப்ட் நின்றால் முதல் போன் அவருடையதுதான். "ஏறிடுவேன் தம்பி, இறங்கத்தான் முடியல" என்பார். படியேறிக்குச் சிரிப்பு வரும். "எல்லாருக்கும் ஏறத்தான் டீச்சர் மூச்சு வாங்கும். இறங்க என்ன, காலை வெச்சா தானா போகுது" என்பார். சொன்னதோடு விடாமல் டீக்கடையில் அந்தப் பேச்சைப் பேசிக் காட்டிச் சிரிக்கவும் செய்வார்.

நாற்பத்தெட்டு வயதானவர்களைப் புகார் அறைக்கு மாற்றுவது என்று கம்பெனி ஒரு நாள் முடிவு செய்தது. புகார் அறை என்பது கீழ்த்தளத்தில் ஜன்னல் இல்லாத ஒரு பொந்து. இரண்டு போன், ஒரு சுழல் நாற்காலி, எழுதி வைக்க ஒரு நோட்டு. அங்கே உட்கார்ந்து "சொல்லுங்க சார், எந்தக் கட்டடம்?" என்று கேட்பதற்கா இத்தனை வருஷம் கிரீஸில் குளித்தோம் என்று அவருக்கு வயிறு எரிந்தது. சூப்பர்வைசரிடம் போய்க் கத்தினார்.

"முட்டி போயிடும்ணே, உங்க நல்லதுக்குத்தான்" என்றார் சூப்பர்வைசர். பத்து வயது சின்னவர்.

"என் முட்டியைப் பத்தி உங்களுக்கு என்ன தெரியும்? இந்தக் கம்பெனியில என்னை மாதிரி ஏற ஒருத்தனைக் காட்டுங்க."

சுற்றிலும் ஐந்தாறு பேர் நின்றார்கள். சூப்பர்வைசரும் விட்டுக்கொடுக்கவில்லை. "அடுத்த மாசம் கம்பெனிகளுக்கான மலை ஓட்டம் வருது. பதினாலு கிலோமீட்டர். மூணு மணி நேரத்துல முடிச்சிட்டு வாங்க, நீங்க வெளிவேலையிலயே இருங்க. இல்லைன்னா அதுக்கடுத்த திங்கக்கிழமை போன் எடுக்கணும்."

ஆறு வாரம் இருந்தது. படியேறி தன் பாணியில் பயிற்சி எடுத்தார். வேலை முடிந்ததும் பன்னிரண்டு மாடிக் கட்டடத்தில் மூன்று தடவை படியேறினார். அவ்வளவுதான்.

"ஒரு நாளாவது தரையில ஓடிப் பார்த்தீங்களா?" என்று மனைவி கேட்டாள்.

"நான் ஏறாத உயரமா?"

அவள் அவருடைய பையில் ஒரு வலி மருந்துக் குழாயை எடுத்து வைத்தாள். அதைப் பார்த்து அவருக்குக் கோபம்தான் வந்தது.

பந்தயத்துக்கு முன் மூன்று நாள் மழை. பாதை முழுக்கக் களிமண் குழம்பு. ஆனாலும் ஏற்றத்தில் மனிதர் பிடிபடவில்லை. விலை உயர்ந்த ஷூ போட்டவர்களையெல்லாம் பழைய கான்வாஸ் ஷூவோடு தாண்டிப் போனார். ஒரு மணி இருபது நிமிஷத்தில் உச்சி. அங்கே தண்ணீர் கொடுத்தவர், "சூப்பர் சார், இனிமே இறக்கம்தான்" என்றார். பாதிக் கிணறு தாண்டியாயிற்று என்று நம் ஆளுக்குத் தோன்றவில்லை. முழுக் கிணறும் தாண்டிவிட்டதாகவே நினைத்தார். சூப்பர்வைசரின் மூஞ்சி எப்படிப் போகும் என்று யோசித்துக்கொண்டே காலை வைத்தார்.

கால் தானாகத்தான் போனது. அவர்தான் கூடப் போகவில்லை. பொத்தென்று உட்கார்ந்து நாலு முழம் சறுக்கினார்.

எழுந்து நடந்தார், மறுபடி விழுந்தார். ஒரு கிலோமீட்டர் போவதற்குள் தொடை வெடவெடக்க ஆரம்பித்துவிட்டது. ஒவ்வொரு அடிக்கும் முட்டிக்குள் யாரோ ஸ்பேனரைப் போட்டுத் திருகினார்கள். ஏற்றத்தில் அவர் தாண்டி வந்தவர்கள் எல்லாரும் வரிசையாக அவரைத் தாண்டினார்கள். "பார்த்து வாங்க சார்" என்று ஒரு பெண் சொல்லிவிட்டு ஓடினாள். அந்தச் சாரில் அவருக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

சேற்றில் புதைந்த ஷூவைக் கைவிட்டுத் தோண்டிக்கொண்டிருந்தபோதுதான் அது உறைத்தது. இருபத்திரண்டு வருஷத்தில் அவர் எங்கே படியிறங்கினார்? ரிப்பேர் முடிந்ததும், சரியாக ஓடுகிறதா என்று பார்க்க மெக்கானிக்கே லிஃப்டில் ஏறி மாடிக்கு மாடி நிறுத்திக் கீழே வர வேண்டும். அது கம்பெனி விதி. பயிற்சிக்குப் போன இடத்திலும், பழக்க தோஷம், ஏறியபின் பொத்தானை அமுக்கி நின்றபடியே வந்திருக்கிறார். மழையைத் திட்டினார், சூப்பர்வைசரைத் திட்டினார், ஷூவைத் திட்டினார். திட்டி முடித்ததும் மிச்சம் இருந்தது அவர் மட்டும்தான். கடைசி இரண்டு கிலோமீட்டரைப் பாதி உட்கார்ந்தே கடந்தார்.

மூன்று மணி ஒன்பது நிமிஷம்.

சூப்பர்வைசர் குடையோடு நின்றிருந்தார். சிரிக்கவில்லை. "பரவாயில்லண்ணே, ஒன்பது நிமிஷம்தானே. நான் மேல பேசிப் பார்க்கறேன்" என்றார். கேலி செய்திருந்தால்கூடத் தாங்கியிருப்பார்.

"மூணு மணின்னு சொன்னீங்க. அதோட விடுங்க."

திங்கட்கிழமை புகார் அறைக்குப் பதினோரு படி இறங்க வேண்டியிருந்தது. கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு, பின்பக்கமாகத் திரும்பி, ஒவ்வொரு படியாக இறங்கினார். மேலே போய்க்கொண்டிருந்த சக மெக்கானிக் ஒருவர் நின்று பார்த்துவிட்டு, பார்க்காதது போலப் போனார். நாற்காலியில் உட்காருவதற்குள் போன் மணியடித்தது.

"லிஃப்ட் நின்னுபோச்சு தம்பி. டாக்டர்கிட்ட போகணும்." டீச்சர்தான். இவர் "சொல்லுங்க டீச்சர்" என்றதும், குரல் தெரிந்து டீச்சர் நிம்மதியானது கேட்டது. "நீங்களா? நல்லதாப் போச்சு. சீக்கிரம் வாங்க."

"இறங்காதீங்க டீச்சர். அப்படியே உட்காருங்க. முதல் வேலையா உங்களுக்குத்தான் ஆள் அனுப்பறேன்."

"எப்பவும் நீங்கதானே வருவீங்க? ஏன், ஏற முடியலையா?"

படியேறி நோட்டில் டீச்சருடைய கட்டடத்தை எல்லாவற்றுக்கும் மேலே எழுதினார். மேஜைக்கடியில் தொடை இன்னும் நடுங்கிக்கொண்டிருந்தது.

"ஏறிடுவேன் டீச்சர்," என்றார். "இறங்கத்தான் முடியல."



"இதைத்தானே தம்பி நான் எட்டு வருஷமா சொல்லிட்டிருக்கேன்" என்றார் டீச்சர்.