புளி போட்டுத் தேய்த்த நம்பர்

எங்கள் காரைக் கெடுத்தது நான்தான். இத்தனை வருஷம் கழித்து இதை எழுதுவதால் யாருக்கும் ஒரு பிரயோசனமும் இல்லை. சொல்ல வேண்டிய அன்றைக்கு வாயில் கொழுக்கட்டையை வைத்துக்கொண்டு நின்றவள், இப்போது காகிதத்தில் கொட்டுகிறேன்.

என் வீட்டுக்காரருக்குச் சொந்த ஊர் கன்னிவாடி. பாலக்காட்டில் ஒரு டாக்டருக்குக் கார் ஓட்டிக்கொண்டிருந்தார். கல்யாணம் ஆன கையோடு என்னையும் அங்கே கூட்டிக்கொண்டு போனார். அப்போது அந்த ஊரும் நம் மெட்ராஸ் ராஜ்யத்தில்தான் இருந்தது. டாக்டர் வயதாகி மகன் வீட்டுக்குப் போனபோது, பன்னிரண்டு வருஷம் ஓட்டியவன் கைக்கே போகட்டும் என்று வண்டியை இவருக்கே விட்டுக்கொடுத்தார். சின்ன சீமைக் கார், கறுப்பு. இவர் அதை டாக்ஸியாக்கிக்கொண்டார். பத்திரம் கைக்கு வந்த அன்று என்னைப் பின் சீட்டில் உட்காரவைத்துக் கோட்டையைச் சுற்றி ஓட்டினார்.

"இனிமே ஒருத்தன் கையத் தட்டி 'ஏலே, வண்டிய எடு'ன்னா எடுக்க வேண்டியதில்ல புள்ள. நானா எடுத்தாத்தான் எடுத்தது" என்றார்.

அந்த மனுஷனுக்கு வாழ்க்கையில் வேண்டியது அவ்வளவுதான். வீடு வேண்டும், நகை வேண்டும் என்று ஒரு நாளும் சொன்னதில்லை. யாரும் கூப்பிட்டு ஏவாத ஒரு ஸ்டியரிங் வேண்டும்.

வெள்ளிக்கிழமை காலையில் நான் குத்துவிளக்கு, செம்பு, தாம்பாளம் எல்லாவற்றையும் வாசலில் பரப்பிப் புளியும் செங்கல் பொடியும் போட்டுத் தேய்ப்பேன். அதே நேரத்தில் அவர் வண்டியின் மூடியைத் திறந்து தண்ணீரும் ஆயிலும் பார்ப்பார். மூடிக்கு உள்ளே, நடுவில், உள்ளங்கை அகலத்துக்கு ஒரு பித்தளைத் தகடு இருந்தது. அதில் இங்கிலீஷில் ஏதோ பொறித்திருந்தது. எனக்கு இங்கிலீஷ் தெரியாது. வண்டியிலேயே சாமிக்கு ஆகும் இடம் அதுதான் என்று எனக்குத் தோன்றியது. விளக்கோடு சேர்த்து அதையும் தேய்த்து, துடைத்து, சந்தனம் குங்குமம் வைப்பேன். இவரும் கை கட்டி நின்று பார்ப்பார். ஸ்டாண்டில் மற்ற டிரைவர்களிடம், "எம் பொண்டாட்டி தேய்க்கிற தேய்ப்புல வண்டி தானா ஓடுது" என்று பெருமை வேறு அடித்துக்கொள்வாராம். இப்படி எட்டு வருஷம். வாரம் தவறினதில்லை. பெற்ற பிள்ளை இறந்துபோன மாதம்கூட நான் தவறவிடவில்லை.

இதற்கு நடுவில் ராஜ்யங்களை மொழி பார்த்துப் பிரித்தார்கள். நாங்கள் ஓரடி நகரவில்லை. காலையில் எழுந்து பார்த்தால் வேறு ராஜ்யத்தில் இருந்தோம். அன்றைக்கு அதைச் சொல்லிச் சிரித்தோம். ரெண்டு வருஷம் முந்திக் கிளம்பியிருந்தால் விலாசத்தை மாற்றி எழுதிக்கொண்டு வந்திருக்கலாம். யாருக்குத் தெரியும்? கன்னிவாடியில் என் மாமனாருக்கு ஒரு பக்கம் கை கால் விழுந்துவிட்டது. பார்க்க வேறு நாதி இல்லை. கிளம்பித்தான் ஆக வேண்டும் என்று ஆனபோது, வண்டிக்குப் பாலக்காட்டு ஆபீசில் ஆட்சேபணை இல்லை என்று கடிதம் வாங்கி, இங்கே காட்டி, இன்ஸ்பெக்டர் பரிசோதனை முடித்து, இந்த ராஜ்யத்து நம்பர் வாங்கினால்தான் ஓட்டலாம் என்றார்கள். கடிதத்துக்கே மூன்று மாதம் நடந்தார்.

வண்டி மேலே கட்டில், காலடியில் ஆட்டுக்கல், மடியில் குத்துவிளக்கு. பொள்ளாச்சி, உடுமலை வழியாக வந்தோம். பழனியில் இறங்காமலே கும்பிட்டுக்கொண்டோம். ஒட்டன்சத்திரத்தில் ரேடியேட்டருக்குத் தண்ணீர் கேட்டபோது கடைக்காரர் நம்பரைப் பார்த்துவிட்டு, "ஏனுங்க, மலையாளத்து வண்டிங்களா? நம்மூருக்குங்களா?" என்றார். "நம்ம ஊரு வண்டிதாங்க. நம்பர்தான் மாறணும்" என்று இவர் சொன்னார். அன்றைக்கு அவருக்கு இருந்த சந்தோஷத்தைப் பிறகு நான் பார்க்கவே இல்லை.

திண்டுக்கல்லில் பேகம்பூரில் வீடு பிடித்து மாமனாரைக் கொண்டுவந்து வைத்துக்கொண்டோம். அடுத்த வீட்டு பாய் தோல் வியாபாரம். என்னைத் தங்கச்சி என்றுதான் கூப்பிடுவார். அவரே தன் கிடங்கில் வண்டி நிறுத்த இடம் கொடுத்தார். புது நம்பர் வந்ததும் ரயில்வே ஸ்டேஷன் வாசலில் வண்டியைப் போடுவது என்று இவர் இடம்கூடப் பார்த்து வைத்துவிட்டார்.

மதுரையிலிருந்து பிரேக் இன்ஸ்பெக்டர் வந்து மலைக்கோட்டைக்குக் கீழே உள்ள மைதானத்தில் வண்டி பார்ப்பார். அவர் வருகிற நாளன்று விடியற்காலையில் எழுந்து நான் அந்தத் தகட்டை ஒரு தேய்ப்புத் தேய்த்தேன். நல்ல காரியம் அல்லவா! பளபளவென்று இருக்க வேண்டும் அல்லவா! கற்பூரமும் எலுமிச்சம்பழமும் தட்டில் வைத்துக்கொண்டு நானும் போனேன். "நீ அங்ஙனயே நில்லு" என்று என்னைப் பத்தடி தள்ளி நிறுத்திவிட்டுப் போனார்.

இன்ஸ்பெக்டர் நல்ல மனிதர்தான். அதைச் சொல்லிவிட வேண்டும். விளக்கைப் பார்த்தார், பிரேக்கை மிதித்துப் பார்த்தார், தலையை ஆட்டினார். பிறகு மூடியைத் திறந்து, சந்தனத்தைத் துடைக்கச் சொல்லி, தகட்டின் மேல் ஒரு மெல்லிய காகிதத்தை வைத்துப் பென்சிலால் தேய்த்தார். வண்டி செய்த கம்பெனியே பொறித்த நம்பராம் அது, அதை அப்படித்தான் பதிவு எடுப்பார்களாம். பொறித்த எழுத்து காகிதத்தில் வெள்ளையாகத் தெரியுமாம். காகிதம் முழுக்கக் கறுப்பாகத்தான் வந்தது. இன்னொரு காகிதம் வைத்தார். அதுவும் கறுப்பு.

"என்னய்யா இது, மொகம் பாக்கலாம் போலிருக்கு. நம்பர் எங்க?"

"தேஞ்சு போச்சு சார்."

"தானாவா தேயும்? அடிச்சட்டத்துல இருக்குமே, அதக் காட்டு."

அடிச்சட்டத்தில் நம்பர் இருந்த இடம் என்றைக்கோ மலைப் பாதையில் விரிசல் விட்டு, வெல்டிங் வைத்து மூடிப்போயிருந்தது. இன்ஸ்பெக்டர் குனிந்து பார்த்துவிட்டு நிமிர்ந்தார்.

"அங்கயும் இல்ல, இங்கயும் இல்ல. எவன் வண்டின்னு நான் எழுதறது? இதத் தேய்ச்சது யாரு?"

இவர் திரும்பி என்னை ஒரு தடவை பார்த்தார். என் கையில் தட்டு. வாயைத் திறந்திருக்கலாம். "நான்தாங்க ஐயா, விளக்கோடு சேர்த்துப் புளி போட்டுத் தேய்ச்சேன்" என்று ஒரே ஒரு வரி. ஒரு பெண்பிள்ளை வந்து அப்படிச் சொன்னால் அந்த மனிதர் சிரித்திருப்பார், நம்பியிருப்பார். நான் சேலைத் தலைப்பை இழுத்து மூடிக்கொண்டேன்.

"நாந்தான் சார்" என்றார் இவர்.

"எதுக்குத் தேய்ச்ச?"

நம்பரைத் தானே தேய்த்து அழித்ததாக எழுதச் சொன்னார்கள். எழுதிக் கையெழுத்துப் போட்டார். புது நம்பர் கிடைக்கும்வரை வண்டியை எடுக்கக் கூடாது என்று உத்தரவு. பாயின் ஆட்கள் நாலு பேர் கிடங்குவரை தள்ளிக்கொண்டு வந்தார்கள்.

"நான் பண்ணினதை ஏன் உங்க மேல போட்டுக்கிட்டீங்க?" என்று வீட்டில் கேட்டேன்.

"பொம்பளையக் கூப்புட்டு நாலு பேர் முன்னால கேள்வி கேக்கவா? விடு. எழுத்துதானே, மாத்திக்கலாம்."

எழுத்து மாறவில்லை. வண்டிக்காரனே நம்பரை அழித்ததாக ஒப்புக்கொண்டிருக்கிறான், ஆகவே போலீஸ் விசாரணை வேண்டும் என்று மதுரையிலிருந்து கடிதம் வந்தது. ஏட்டு வந்து தெருவில் எல்லாரையும் கேட்டுவிட்டுப் போனார். திருட்டு ஒன்றும் நிரூபணம் ஆகவில்லை, ஆனால் எங்கள் வண்டிக்குத் திருட்டு வண்டி என்று பெயர் மட்டும் நிலைத்துவிட்டது. பாலக்காட்டுக்குக் கடிதம், அங்கிருந்து பதில், அதில் ஒரு சந்தேகம், மறுபடி கடிதம். மாமனார் படுக்கையில் இருந்தபடியே கோணிய வாயால் தினமும் ஒரே கேள்விதான் கேட்பார்: "நம்பர் வந்துருச்சாப்பா?" கேட்டுக்கொண்டே ஒரு மார்கழியில் போய்ச்சேர்ந்தார்.

பாய்தான் ஒரு நாள் வாசலில் நின்று சொன்னார்: "தங்கச்சி, நீங்க வந்து ஒரு வார்த்தை சொல்லிட்டா தீந்துரும். எங்க வீட்டுப் பொம்பளைங்களும் தொணைக்கு வரட்டும். மதுரைக்கு நானே கூட்டிட்டுப் போறேன்."

எனக்குத் தைரியம் வந்துவிட்டது. குத்துவிளக்கு, புளி உருண்டை, செங்கல் பொடி எல்லாவற்றையும் பையில் போட்டுக் கட்டினேன். அதிகாரி முன்னால் தேய்த்தே காட்டிவிடுவது என்று முடிவு. இவர் வந்து பையைப் பார்த்தார்.

"நீ ஆபீசுப் படி ஏறிப் பதில் சொல்லித்தான் நான் வண்டி ஓட்டணுமா? அதுக்கு நான் செத்துரலாம்" என்றார்.

பையை அவிழ்த்தேன். எனக்கு இப்போது நினைத்தாலும் பற்றிக்கொண்டு வருகிறது. என்ன மானம் அது? பெண்டாட்டியை ஒரு வார்த்தை பேசவிடாமல், தன் வாழ்க்கையை முழுசாகத் தூக்கிக் கொடுக்கிற மானம்! ஆனால் அவரை மட்டும் சொல்லி என்ன? மதுரைக்கு பஸ் போய்க்கொண்டுதான் இருந்தது. அவர் இல்லாத ஒரு பகலில் நான் ஏறிப் போயிருக்கலாம். போகவில்லை. பயம்தான், வேறு ஒன்றும் இல்லை.

கிடங்கில் தோல் நெடியிலும் தோலுக்குப் போடும் உப்பின் ஈரத்திலும் நாலு வருஷம் நின்றது வண்டி. இவர் ஒரு லாரிக்காரரிடம் காக்கிச் சட்டை போட்டுக்கொண்டு வேலைக்குப் போனார். முதல் நாள் வாசலில் லாரி வந்து நின்று, உள்ளே இருந்தவர் கையைத் தட்டி, "ஏலே, வா, வா" என்று கூப்பிட்டார். அந்த ஆள் இவரைவிடப் பத்து வயது சின்னவர். இவர் சோற்றுத் தட்டில் கை கழுவிவிட்டு ஓடினார். நான் அடுக்களையில் நின்று அழுதேன்.

சட்டம் துருப்பிடித்து இற்றுப்போன பிறகு ஒரு நாள் இவரே ஆள் கூட்டி வந்து பிரித்தார். எஞ்சினைச் சேவுகம்பட்டிக்காரர் ஒருவர் கிணற்றில் தண்ணீர் இறைக்க வாங்கிப் போனார். மற்றது எல்லாம் பழைய இரும்புக்குப் போனது. அந்தத் தகட்டை மட்டும் எனக்குக் கொடுங்கள் என்று கேட்டேன்.

"அதுல என்ன இருக்கு? ஒண்ணும் இல்லையே" என்று சாக்கில் போட்டுவிட்டார்.

அதற்குப் பிறகு இருபது வருஷம் இருந்தார். ஒரு நாளும் என்னை ஒரு சொல் சொன்னதில்லை. ஆனால் வெள்ளிக்கிழமை காலையில் நான் விளக்கை எடுத்து வைத்துக்கொண்டு உட்கார்ந்ததும், துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு எழுந்து வெளியே போய்விடுவார். பித்தளை தேய்க்கிற சத்தம் அவருக்கு ஆகாது. ஒரு வெள்ளிக்கிழமை எனக்குத் தாங்கவில்லை. புளிக் கையோடு வாசலுக்கு ஓடினேன்.

"என்னை ஒரு தடவையாவது திட்டிருங்களேன்" என்றேன்.

செருப்பை மாட்டிக்கொண்டிருந்தவர் நிமிரவில்லை.

"உன்னை எதுக்குத் திட்ட? கையெழுத்துப் போட்டது நான்தானே" என்றார்.

அன்றும் நான் விளக்கு ஏற்றி முடித்த பிறகுதான் வீட்டுக்குள் வந்தார்.