இடக்கைத் துவக்கு

பகல் முழுவதும் நான் செய்யும் வேலை நாலு வயதுப் பிள்ளைகளின் கையிலிருந்து துவக்கைப் பறிப்பது. ஒஸ்லோ நகரின் அம்மருட்டில் ஒரு பாலர் பாடசாலையில் உதவியாளராக இருக்கிறேன். விளையாட்டுத் துவக்கு உள்ளே வரக்கூடாது என்பது அங்கே சட்டம். ஆகவே பிள்ளைகள் மரக்குச்சியால் என்னைச் சுடுவார்கள், வாழைப்பழத்தால் சுடுவார்கள், பாண் துண்டைக் கடித்துக் கடித்து ஒரு துவக்காக்கி அதனாலும் சுடுவார்கள். "இங்கே யாரும் யாரையும் சுடுவதில்லை" என்று நோர்வேஜிய மொழியில் கண்டிப்பாகச் சொல்லிவிட்டு, பாண் துவக்கை வாங்கி மேசையில் வைப்பேன். செவ்வாய்க்கிழமைகளில் வேலை முடிந்ததும் நேரே சுடப் போய்விடுவேன்.

என்னை அந்த வழிக்கு இழுத்தவள் என்னோடு வேலை செய்யும் நோர்வேஜியப் பெண். என் வயதுதான். பிள்ளைகளுக்கு மூக்குச் சிந்திவிடுகிற அதே கையால் ஒரு பிஸ்டல் கழகத்தின் துவக்குகளையும் பராமரித்து வந்தாள். ஒருநாள், காது கிழியும் மத்தியானச் சாப்பாட்டு நேரம் முடிந்து இருவரும் சுவரில் சாய்ந்து நின்றபோது, "உனக்கு அமைதியான ஓர் இடம் காட்டட்டுமா?" என்று கேட்டாள். காடோ ஏரிக்கரையோ என்று நினைத்துக்கொண்டு போனேன். அது ஒரு கட்டடத்துக்குக் கீழே, பாறையைக் குடைந்து கட்டிய பழைய பாதுகாப்பு அறை. எங்கள் பாஷையில் சொன்னால், பங்கர்.

உள்ளே போனதும் வெடிமருந்து மணம் மூக்கில் ஏறியது. பழைய பழக்கத்தில் சுவரோரம் குந்தப் போனேன். சின்ன வயதில் ஊரில் யுத்தத்தின்போது நான் இருந்த பங்கர்களில் மேலே என்ன நடக்கப்போகிறது என்று எங்களிடம் யாரும் கேட்டதில்லை. இங்கே ஒருவர் வரிசையின் பின்னால் நின்று, "சுடுபவர்கள் தயாரா?" என்று கேட்டார். ஒருவர் இல்லை என்றால் மற்றவர்கள் எல்லோரும் துவக்கைக் கீழே வைத்துக் காத்திருந்தார்கள். அன்று மூன்றுமுறை இல்லை என்று சொன்னேன். யாரும் முகம் சுளிக்கவில்லை. நாலாம்முறை ஓம் என்றேன். பிறகு காதுமூடியைப் போட்டுக்கொண்டு ஒரு மணித்தியாலம் நின்றேன். அந்த நேரம் முழுக்க என்னை ஒருவரும் கூப்பிடவில்லை, ஒருவருக்கும் நான் சப்பாத்துப் போட்டுவிடவில்லை. அவள் சொன்ன அமைதி அதுதான்.

வீட்டில் சொன்னபோது என் கணவர் சோற்றுக் கோப்பையைத் தள்ளி வைத்தார்.

"இஞ்சரும், உமக்கென்ன விசரே? துவக்குச் சத்தம் கேக்கக் கூடாதெண்டுதானே இந்தக் குளிருக்கை வந்து கிடக்கிறம். அங்கை பங்கருக்கை கிடந்து தப்பி வந்தனாங்கள். நீர் காசு கட்டிப் பங்கருக்கை போறீர்."

"அங்கை காதைப் பொத்த ஒண்டும் தரேல்லை. இஞ்சை தருகினம்."

அவர் சிரிக்கவில்லை. ஆனால் கோப்பையைத் திரும்ப இழுத்துக்கொண்டார்.

கழகத்துத் துவக்கைக் கடன்வாங்கிச் சுட்டுப் பல மாதம் போனது. பாதுகாப்புப் பாடம் படித்துச் சோதனையும் எழுதினேன். பிறகு சொந்தமாக ஒன்று வேண்டும் என்ற ஆசை வந்துவிட்டது. புதுத் துவக்கின் விலையைப் பார்த்தபோது அது என் சம்பளத்துக்கு ஆகாது என்று விளங்கியது. இந்தச் செய்தி எப்படியோ அமெரிக்காவில் டெக்சாஸில் இருக்கும் என் பெரியம்மாவின் மகனுக்குப் போனது. அண்ணா அங்கே இடுப்பில் துவக்கோடுதான் மரக்கறி வாங்கப் போகிறவர். அன்று மாலையே அழைத்தார். நான் குசினியில் மாக் குழைத்துக்கொண்டிருந்ததால் தொலைபேசியை மேசையில் வைத்துச் சத்தமாகப் போட்டிருந்தேன்.

"தங்கச்சி, பெரிசு வாங்கிப் போடாதை. சின்னனா, மெல்லிசா இருக்க வேணும். உடுப்புக்குள்ளை வெளியிலை தெரியப்படாது."

"நான் சீலை கட்டுறனான் அண்ணா. எங்கை செருகிறது?"

"ஹான்ட்பாக் இருக்குத்தானே? ஆனா அதுக்குள்ளை திறப்பு, சில்லறை எல்லாம் போட்டுக் கலக்காதை. அதுக்கெண்டு தனி உறை வேணும். ஆரும் பாவிச்சதை வாங்கினாலும் பரவாயில்லை, கையிலை பிடிச்சுப் பாராமல் வாங்காதை. சாமான்ரை விலையை மட்டும் பாக்காதை, ரவையின்ரை விலையையும் பார். துவக்கு ஒருக்காத்தான். ரவை கிழமைக்குக் கிழமை வேணும். பெட்டிக் கணக்கிலை வாங்கினா மலிவு."

அந்த நேரம் பார்த்துக் குசினி வாசலில் குரோருட்டில் இருக்கும் என் சிநேகிதி வந்து நின்றாள். கோயிலில் தொடங்கி ரயில் வரைக்கும் ஒஸ்லோத் தமிழருக்குச் செய்தி கொண்டுபோகிறவள். கணவர் கதவைத் திறந்து விட்டிருக்கிறார். துவக்கு என்ற சொல் அவள் காதில் விழுந்ததா என்று அவள் முகத்தையே பார்த்தேன்.

"என்ன, ரவையோ?" என்றாள் அவள். "பெட்டியா ஏன் வாங்கிறீர்? வண்டு பிடிச்சிடும். எங்கடை குரோருட் கடையிலை வறுத்த ரவை மலிவா விக்கினம். உப்புமாவுக்கு அதுதான் திறம்."

தொலைபேசிக்குள் அண்ணா இரும ஆரம்பித்தார். நான் அழைப்பைத் துண்டித்துவிட்டு, வண்டு பிடிக்காமல் ரவையை எப்படி வைப்பது என்று அவளிடம் அரைமணித்தியாலம் கேட்டுக்கொண்டிருந்தேன்.

அண்ணாவின் சொல் மனதில் ஒட்டிக்கொண்டது. என் கையும் சின்னக் கை. கழகத்தில் ஒருவர் சின்னக் கறுப்புப் பிஸ்டல் ஒன்றை மலிவாக விற்க வைத்திருந்தார். உள்ளங்கைக்குள் அடங்கும் அழகு. எனக்கு அதைப் பார்த்ததும் ஆசை. சக ஊழியையிடம் சொன்னேன்.

"எதற்கு இவ்வளவு சின்னது?" என்றாள்.

"மறைத்துக் கொண்டுபோக வசதி என்று என் அண்ணா சொன்னார்."

"யாரிடமிருந்து மறைக்கப் போகிறாய்?"

உண்மையான பதில் என் சிநேகிதியிடமிருந்து என்பதுதான். அதை அவளுக்கு விளக்க முடியாது. அவள் பொறுமையாகச் சொன்னாள். இந்த நாட்டில் துவக்கை உடம்பில் செருகிக்கொண்டு நடக்க உனக்கும் எனக்கும் அனுமதி இல்லை. தற்பாதுகாப்புக்கு என்று எழுதினால் பொலிஸ் விண்ணப்பத்தைத் திருப்பி அனுப்பிவிடும். எந்தப் போட்டியில் சுடப்போகிறாய் என்று எழுத வேண்டும், அந்தப் போட்டிக்கு ஏற்ற துவக்காகவும் இருக்க வேண்டும். மிகவும் குட்டையான சிலவற்றுக்கு அனுமதியே கிடையாது. "இது அனுமதி கிடைக்கிற அளவுதான். ஆனால் முதலில் சுட்டுப் பார். பிறகு கதைப்போம்."

பிடித்தேன். சுண்டுவிரலுக்கு இடமில்லை, அது அந்தரத்தில் தொங்கியது. சுட்டேன். துவக்கு மூர்க்கமான பூனைக்குட்டி மாதிரித் துள்ளியது. மேல்பகுதி பின்னால் வந்து பெருவிரலடித் தோலை உரித்துக்கொண்டு போனது. ஐந்து ரவைக்கு என் இலக்குத் தாளில் நாலு ஓட்டை, அவையும் ஒன்றையொன்று தெரியாத சனம் மாதிரித் தள்ளித் தள்ளி. ஐந்தாவது ஓட்டை பக்கத்தில் நின்ற மனிதரின் தாளில் இருந்தது. அவர் மரியாதையாக, "நன்றி" என்றார்.

"இது ஒளிப்பதற்காகச் செய்தது" என்றாள் சக ஊழியை, என் விரலுக்குப் பிளாஸ்டர் ஒட்டிக்கொண்டே. பிள்ளைகளுக்கு ஒட்டும் அதே டைனோசர் பிளாஸ்டர். "நீ வாங்க வேண்டியது சுடுவதற்காகச் செய்தது. குழல் நீளமாக, ரவை மெல்லியதாக. அந்த ரவைதான் மலிவும்."

நீளமானவை எல்லாம் என் கைக்கு எட்டாத விலை. ஒன்றைத் தவிர. கழகத்து அறிவிப்புப் பலகையின் மூலையில் மஞ்சளாகிப்போன படம் ஒன்று இருந்தது. மரக்கைப்பிடி வைத்த, வடிவில்லாத, நீண்ட மூக்குப் பிஸ்டல். அதன் விலை மட்டும் ஏன் இவ்வளவு குறைவு என்று கேட்டேன். அவள் நெற்றியில் அடித்துக்கொண்டாள்.

"அது இடக்கைக்காரருக்கு. கைப்பிடி இடக்கைக்கென்று செதுக்கியது. யாருக்கும் வேண்டாம். கடவுளே, நீ இடக்கைதானே! ஒவ்வொரு நாளும் எங்களிடமுள்ள ஒரேயொரு இடக்கைக் கத்தரிக்கோலுக்குப் பிள்ளைகளோடு சண்டை பிடிக்கிறாய்."

எனக்கே உறைத்தது. இத்தனை மாதமும் நான் வலக்கையால் சுட்டுக்கொண்டிருந்தேன். சாப்பாடும் திருநீறும் வலக்கையால் என்று சின்ன வயதில் பழக்கி விட்டிருந்ததில், துவக்கும் அந்த வரிசையில் சேர்ந்துவிட்டது போலும்.

விற்பவர் ஓய்வுபெற்ற, கூனல் விழுந்த உயரமான மனிதர். துவக்கைத் துணியில் சுற்றிக் கொண்டுவந்தார். கைப்பிடிக்குள் இடக்கையை விட்டேன். யாரோ என் கையை அளவெடுத்துச் செதுக்கியது போல் விரல்கள் போய் உட்கார்ந்தன. உள்ளங்கைக்குக் கீழே மட்டும் கொஞ்சம் இடைவெளி, அதைச் சரிசெய்ய அரமும் மரப்பசையும் போதும் என்றார்கள். சுட்டேன். ஓட்டைகள் முதன்முறையாக ஒன்றோடொன்று கதைக்கிற தூரத்தில் விழுந்தன. சந்தோசத்தை முகத்தில் காட்டாமல் நின்றேன். சாமான் வாங்கும் இடத்தில் சிரிக்கக் கூடாது என்பது எங்கள் சனத்துக்கு ஊறிப்போன விசயம்.

"எவ்வளவு காலமாக விற்கப் பார்க்கிறீர்கள்?" என்று கேட்டேன்.

"நீண்ட காலமாக" என்றார் பாவம், உண்மையாக.

"இன்னும் நீண்ட காலம் போகலாம், இல்லையா?"

சக ஊழியை கழுத்துவரை சிவந்துபோனாள். நோர்வேக்காரர் விலை பேசுவதில்லை. அவர்களுக்கு அது உடுப்பில்லாமல் நிற்கிற மாதிரி. நான் சின்னதாக ஒரு தொகை சொன்னேன். அவர் என்னைப் பார்த்தார், துவக்கைப் பார்த்தார், என் இடக்கையைப் பார்த்தார். "சரி" என்றார். "துப்புரவாக்கும் கம்பியும்?" என்றேன். கம்பியையும் பெட்டியையும் சேர்த்துத் தந்தார். அனுமதி வந்த பிறகுதான் வீட்டுக்குக் கொண்டுபோகலாம் என்பதால் அதுவரை அவரே வைத்திருந்தார்.

அனுமதி வருவதற்குள் இரும்புப் பெட்டி வந்தது. துவக்கை அதற்குள்தான் பூட்ட வேண்டும், பெட்டியைச் சுவரோடு முடுக்க வேண்டும். எல்லாவற்றுக்கும் எதிர்ப்புச் சொன்ன கணவர்தான் துளைபோடும் மெசினைத் தூக்கிக்கொண்டு வந்தார். மட்டம் பார்த்து, தூசி ஊதி, திரும்பத் திரும்ப அசைத்துப் பார்த்தார். முடிந்ததும் திறப்பை என் கையில் தந்தார். அனுமதி உள்ளவரைத் தவிர வேறு யாரும் அதைத் திறக்க முடியாது என்று நான் சொன்னேன்.

"எங்கடை வீட்டிலை எனக்குத் திறக்கேலாத அலுமாரி ஒண்டு" என்றார்.

"குசினி அலுமாரியை எப்பவாவது திறந்தனீங்களோ?"

அந்த முறை சிரித்துவிட்டார்.

அனுமதி கிடைத்துத் துவக்கும் வீட்டுக்கு வந்த பிறகுதான் மறைத்துக்கொண்டு போகும் கலை எனக்குத் தேவைப்பட்டது. வீட்டிலிருந்து கழகத்துக்குப் போகும்போது ரவை போடாமல், மூடிய பையில், பிறர் பார்வைக்குத் தெரியாமல், கையைவிட்டு விலகாமல் கொண்டுபோக வேண்டும். நான் நீலநிறப் பை ஒன்றுக்குள் பெட்டியை வைத்து அம்மருட்டில் சுரங்க ரயில் ஏறினேன். ஒரு நிலையம் முன்பே குரோருட்டில் ஏறிய என் சிநேகிதி ஏற்கனவே உள்ளே இருந்தாள். பக்கத்து இருக்கையைத் தட்டிக் காட்டினாள்.

"எங்கை போறீர் இந்த நேரத்திலை? என்ன பாரமான பை?"

"தையல் சாமான்" என்றேன். ஏன் அப்படிச் சொன்னேன் என்று இன்றுவரை தெரியவில்லை. வாயில் வந்தது அதுதான்.

"உமக்குத் தைக்கத் தெரியுமெண்டு ஒருநாளும் சொல்லேல்லையே."

"இப்பத்தான் பழகிறன். கிளாசுக்குப் போறனான்."

இரண்டு நாள் கழித்து வீட்டு வாசலில் பட்டுத்துணியோடும் அளவுச் சட்டையோடும் வந்து நின்றாள். மகள் பெரியபிள்ளையாகிவிட்டாளாம், சாமத்திய வீட்டுக்குச் சீலைச் சட்டை வேண்டுமாம். "பழகிற கை தைச்சால் ராசி" என்றாள். எனக்குப் பொத்தான் தைக்கக்கூட வராது.

மோர்டென்ஸ்ருட்டில் தமிழ்நாட்டுப் பெண் ஒருவர் வீட்டில் தைக்கிறார் என்று கேள்விப்பட்டு நகரத்தின் மறுகரைக்குத் துணியைக் கொண்டு ஓடினேன். "ஒரு சட்டை தைக்க வேணும்" என்றேன்.

"சட்டையா அக்கா? ஜென்ட்ஸுக்கா?"

"இல்லை, சீலைக்கு."

"ஓ, ப்ளவுஸ். அப்படிச் சொல்லுங்க. கை எவ்ளோ நீளம் வைக்கட்டும்?"

அவர் தைத்தது அற்புதமாக இருந்தது. அதுதான் பிழையாகப் போனது. சாமத்திய வீட்டில் சிநேகிதி முதுகைக் காட்டிக் காட்டி என் பெயரைச் சொன்னாள். அடுத்த மாதம் மேலும் மூன்று துணிகள் வந்தன. எங்கள் சனத்துக்குள் கூலி கேட்க முடியாது, மோர்டென்ஸ்ருட்டுக்குக் கூலி கொடுக்காமலும் இருக்க முடியாது. மலிவாக வாங்கிய துவக்கின் இலாபம் எல்லாம் கொக்கியும் வளையமுமாகப் போய்க்கொண்டிருந்தது.

"பேசாமல் உண்மையைச் சொல்லிப்போடும்" என்றார் கணவர்.

"சொன்னால் விடியிறதுக்கிடையிலை ஒஸ்லோ முழுக்கத் தெரியும். வீட்டிலை துவக்கு இருக்கெண்டு ஊருக்குச் சொல்லக்கூடாதெண்டு பாடத்திலையே படிப்பிச்சவை."

கடைசியில் அடுத்த துணியோடு அவள் வந்தபோது, கண் மங்கிவிட்டது, ஊசியில் நூல் கோர்க்க முடியவில்லை, தையலை விட்டுவிட்டேன் என்று சொன்னேன். அவள் முகம் வாடிப்போனது. என் கையைப் பிடித்துக்கொண்டு, வேலை வேலையாகக் கொடுத்துத் தானே என் கண்ணைக் கெடுத்துவிட்டதாக உண்மையாகவே கவலைப்பட்டாள். எனக்கு வெட்கமாக இருந்தது, சிரிப்பும் வந்தது.

அடுத்த சனிக்கிழமை கழகத்தில் என் முதல் போட்டி. மூன்றாம் இடம் வந்தேன். கிண்ணத்தைப் பையில் துவக்குக்குப் பக்கத்தில் வைத்துக்கொண்டு வீட்டுக்கு வந்தால், மேசையில் ஒரு பெரிய பாத்திரம் இருந்தது. சிநேகிதி கொண்டுவந்து கொடுத்துவிட்டுப் போயிருந்தாள். பொன்னாங்காணிக் கீரை வறை. எங்கே தேடிப் பிடித்தாளோ, தேங்காய்ப்பூ நிறையப் போட்டு.

கணவர் கிண்ணத்தைக் கையில் வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு என் கோப்பையில் வறையைக் குவித்தார்.

"நல்லாச் சாப்பிடும்" என்றார். "கண்ணுக்கு நல்லதாம்."