ஐந்தாம் விதி

"செயற்கை நுண்ணறிவு இயந்திரம் எழுதிய நிரலென்றால், அனுப்புபவர் அதைச் சொல்லியாக வேண்டும்." நூலகங்களுக்காக நாங்கள் இலவசமாக ஆக்கும் திறந்த மென்பொருளின் ஐந்தாம் விதி இது. அரச அலுவலகச் சுற்றுநிருபங்களோடு வாழ்ந்து ஓய்வுபெற்ற நானும் உரும்பிராய் நண்பர் ஒருவரும் சேர்ந்து எழுதியது. பிறகு அந்த நண்பரே புதிய நிரலொன்று அனுப்பினார்.

"உது நீர் எழுதினதோ?" என்று தொலைபேசியில் கேட்டேன்.

"ஓம் அண்ணை. என்னிலையும் சந்தேகமோ?"

கேட்டதற்கு வெட்கப்பட்டு, வாசிக்காமலே ஒப்புதல் கொடுத்தேன். அந்த நிரல் ஓடிய ஒரு நூலகத்தின் இரவல் பதிவுகள் முழுவதும் அழிந்தன. மன்னிப்புக் கடிதம் என் பெயரில் போயிற்று. பதிவுகளை அழித்த நிரல் வரிக்கு அவரிடம் விளக்கம் கேட்டேன்.

"பொறுங்கோ அண்ணை, அதிட்டைக் கேட்டுச் சொல்லுறன்."

"எதிட்டை?"

தொலைபேசியை வைத்துவிட்டார். மூன்று மின்னஞ்சல்கள் அனுப்பினேன். "சரியெண்டு விட்டது நீங்கள்தானே" என்ற ஒற்றை வரிப் பதில் மாடுகளுக்கான பட்டிப் பொங்கலன்று வந்தது.