சீர் சாமானில் போட்ட ஓட்டை

மகளுக்குச் சீராக வாங்கிய ஹோம் தியேட்டரில், அது மாப்பிள்ளை வீட்டுக்குப் போய்ச் சேரும் முன்பே, நான் ஓட்டை போட்டேன். கோபத்தில் போட்டதல்ல, கைதவறியும் அல்ல. அளந்து, குறித்து, கணக்குப் பார்த்துத்தான் போட்டேன். தவறிச் செய்தவனுக்கு ஒரு சாக்காவது இருக்கும். எனக்கு அதுவும் இல்லை.

அப்போது நான் அரசாங்க வேலையிலிருந்து ஓய்வுபெற்று வெகுகாலம் ஆகவில்லை. பொறியாளன். எந்தக் கோப்பு எந்த மேசை வழியாகப் போகவேண்டும், எந்த வேலைக்கு யார் முன் அனுமதி தரவேண்டும் என்பதைத் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வேன். பணியில் இருந்தவரை விதிமுறை தெரியாதவர்களைத் திருத்திக்கொண்டிருந்தேன். ஓய்வுக்குப் பிறகு திருத்துவதற்கு ஆள் கிடைக்காததால் வீட்டுச் சாமான்களைத் திருத்த ஆரம்பித்தேன். மிக்ஸியும் மேசை விசிறியும் என் கையில் என்ன பாடு பட்டன என்பது என் மனைவிக்குத் தெரியும். பழைய சாமான்கள்தானே என்று பொறுத்துக்கொண்டாள்.

மகளுக்குக் கம்பத்தில் மாப்பிள்ளை அமைந்தார். வாழைக்காய் மண்டி வைத்திருக்கும் குடும்பம். நல்ல மனிதர்கள், ஆனால் சொந்தம் பெரிது, வாயும் பெரிது. எங்கள் பக்கத்தில் கட்டில், பீரோ, கிரைண்டர் எல்லாவற்றையும் வேனில் ஏற்றிக் கொண்டுபோய் மாப்பிள்ளை வீட்டுக் கூடத்தில் பரப்பி வைப்பது வழக்கம். அந்த வீட்டுப் பெண்கள் ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்ப்பார்கள். வந்த பெண்ணுக்கு அந்த வீட்டில் எந்த இடம் என்பது அங்கேயே பாதி முடிவாகிவிடும். அதனால் பீரோவின் பாலிதீன் உறையைக்கூட யாரும் கிழிக்கமாட்டார்கள். அட்டைப்பெட்டி என்றால் கம்பெனி ஒட்டிய டேப் ஒட்டியபடியே போய்ச் சேரவேண்டும். இது எந்த அரசாணையிலும் எழுதப்படவில்லை. எனவே எனக்குத் தெரியவில்லை.

டிவிடி பிளேயர் வீட்டுக்கு வீடு நுழைந்துகொண்டிருந்த காலம் அது. சீரில் ஒரு ஹோம் தியேட்டர் இருக்கட்டும் என்று தேனியில் ஒரு கடையில் வாங்கினேன். வீட்டுக்கு வந்ததும், சோதித்துப் பார்க்காமல் எந்தப் பொருளையும் ஏற்றுக்கொள்ளக்கூடாது என்ற விதியின்படி டேப்பை அறுத்துப் பாட்டுப் போட்டுப் பார்த்தேன். சின்ன ஸ்பீக்கர்கள் எல்லாம் நன்றாகப் பாடின. பேஸ் கொடுக்கவேண்டிய சப் ஊஃபர் மட்டும் சளி பிடித்தவன் மாதிரி முனகியது. திருப்பித் திருப்பிப் பார்த்தேன். நான்கு பக்கமும் மூடிய பெட்டி.

மூடிய பெட்டியில் ஸ்பீக்கரின் பின்பக்கக் காற்று உள்ளேயே அடைந்து கிடக்கும். பெட்டியில் ஒரு துளை போட்டு, கணக்கான நீளத்தில் ஒரு குழாயைச் செருகிவிட்டால், அந்தக் காற்றும் வெளியே வந்து சேர்ந்து ஒலிக்கும். பெட்டியின் கொள்ளளவு, குழாயின் விட்டம், நீளம் மூன்றும் ஒன்றுக்கொன்று பொருந்தவேண்டும், அவ்வளவுதான். பிரவுசிங் சென்டரில் உட்கார்ந்து அதற்கான சூத்திரத்தைத் தேடி எடுத்தேன். ஸ்பீக்கரும் மரச்சட்டமும் அடைக்கும் இடத்தைக் கழித்துக் கொள்ளளவு கண்டேன். மாடியில் கழிப்பறை கட்டியபோது மிஞ்சிய பிவிசி குழாய் ஒன்று கிடந்தது. அதை அளந்து அறுத்து, உப்புத்தாள் போட்டுத் தேய்த்து, கறுப்புப் பெயின்ட் அடித்தேன்.

துளைபோடும் மெஷினைக் கையில் எடுத்தபோது மனைவி வந்து நின்றாள்.

"ஏங்க, புதுச் சாமான்ல ஓட்ட போடுறீகளே, விளங்குமா?"

"ஓட்ட இல்ல, போர்ட்டு."

"எதுவா இருந்தா என்ன, நாளைக்கு அவுக வீட்டுக்குப் போற சாமான். அவுகட்ட ஒரு வார்த்தை கேட்டீகளா?"

"கேட்டா வேண்டாம்பாக. பாட்டக் கேட்டபெறகு பாரு, அசந்துபோவாக."

பணியில் இருந்தபோது, அடுத்தவர் பொறுப்பிலுள்ள பொருளில் அனுமதியில்லாமல் ஆணி அடித்தவனைக்கூட நான் சும்மா விட்டதில்லை. அந்த அறிவு அன்று எங்கே போயிற்று என்றால், ஆசைக்குப் பின்னால் போய் ஒளிந்துகொண்டது. காசு இருக்கிற எவரும் கட்டிலும் பீரோவும் வாங்கிக் கொடுக்கலாம். என் மூளையும் அந்த வீட்டுக்குள் ஒரு சாமானாகப் போய் இறங்கவேண்டும் என்று நினைத்தேன். பாத்திரத்தில் பெயர் வெட்டுவதுபோல மகளின் சீரில் என் பெயரை வெட்ட நினைத்தேன் என்றும் சொல்லலாம்.

வேலை முடிந்து பாட்டுப் போட்டேன். குழாய் வாயில் ஒரு தீக்குச்சியைக் கொளுத்திப் பிடித்தேன். மத்தள அடிக்கு ஒரு தரம் சுடர் படுத்து எழுந்தது. அடுக்களையில் எவர்சில்வர் தட்டுகள் கிலுகிலுத்தன. கணக்கு துல்லியம். மகள் அறையிலிருந்து வெளியே வந்தாள்.

"கொஞ்சம் குறைங்கப்பா. தலை விண்விண்ணுங்குது."

சின்ன வயதிலிருந்தே அவளுக்குச் சத்தம் ஆகாது. தீபாவளிக்கு வெடி போட ஆரம்பித்தால் காதைப் பொத்திக்கொண்டு உள்ளறைக்கு ஓடுவாள். கோயில் திருவிழாவில் குழாய் ஸ்பீக்கர் கட்டிய தெருப்பக்கம் போகமாட்டாள். இதெல்லாம் எனக்குத் தெரியாததல்ல.

"இது பேஸும்மா. தலைக்கு ஏறாது, நெஞ்சோட நிக்கும்" என்றேன். அவள் கதவைச் சாத்திக்கொண்டாள். நான் இன்னும் கொஞ்சம் கூட்டிவைத்தேன்.

சீர் இறங்கிய அன்று கம்பத்து வீட்டுக் கூடம் பெண்களால் நிறைந்திருந்தது. மாப்பிள்ளையின் பெரியம்மா முன்னால் நின்றார். கட்டில் தேறியது, பீரோ தேறியது, கிரைண்டரைத் தட்டிப் பார்த்துவிட்டு நகர்ந்தார். ஹோம் தியேட்டர் அட்டைப்பெட்டி முன்னால் குனிந்தவர் நிமிரவில்லை.

"டேப்பு பிரிஞ்சு கெடக்கே. ஏ தங்கச்சி, இங்கன வந்து பாரு."

மாப்பிள்ளையின் அம்மா வந்து பார்த்தார். "கடையில சோதிச்சுப் பாத்துருப்பாகக்கா."

"சோதிச்சா ஓட்டையா போடுவாக?" பெரியம்மா சப் ஊஃபரை வெளியே இழுத்துத் திருப்பினார். "ஆத்தாடி, இது கக்கூஸ் குழாயில்ல!"

கூடம் சிரித்தது. கக்கூஸ் குழாய் என்பது முழுக்கவும் உண்மை என்பதால் என்னால் மறுக்க முடியவில்லை. ஆனால் வாய் சும்மா இருக்கவில்லை. முன்னால் போய் நின்று, மூடிய பெட்டிக்கும் போர்ட் வைத்த பெட்டிக்கும் உள்ள வித்தியாசத்தை விளக்க ஆரம்பித்தேன். கொள்ளளவு, விட்டம், அதிர்வெண் என்று நான் அடுக்க அடுக்கச் சிரிப்பு அடங்கியது. புரிந்துவிட்டது என்று நினைத்தேன்.

பெரியம்மா பொறுமையாகக் கேட்டுவிட்டுச் சொன்னார்: "சம்பந்தி, எங்களுக்கு அம்புட்டுப் படிப்பு இல்ல. இது புதுசா, பழசா? அத மட்டும் சொல்லுங்க."

அப்போதாவது நான் நிறுத்தியிருக்கலாம். ஆதாரம் கேட்டால் ஆவணம் காட்டுவதுதான் நான் அறிந்த முறை. சட்டைப் பையிலிருந்து கடை பில்லை எடுத்து நீட்டினேன்.

அவர் அதை வாங்கவில்லை. "பில்லக் காட்டிச் சீர் குடுக்குற ஆள இன்னைக்குத்தான் பாக்குறேன்" என்றார். யாரும் சிரிக்கவில்லை. மாப்பிள்ளையின் அப்பா தோளில் கிடந்த துண்டை எடுத்து மறுபடி தோளிலேயே போட்டுக்கொண்டார். என் மனைவி கிரைண்டரைப் பார்த்தபடி நின்றாள்.

பட்டுச் சேலையில் நின்றிருந்த மகள்தான் முன்னால் வந்தாள்.

"பெரியத்தை, நாந்தான் அப்பாட்டக் கேட்டேன். பாட்டுப் போட்டா எனக்கு வீடே அதிரணும். புதுச் சாமானக் கெடுக்கக்கூடாதுன்னுதான் அப்பா சொன்னாக. நாந்தான் கேக்கல."

பெரியம்மா அவளை மேலும் கீழும் பார்த்தார். பிறகு முகம் விரிந்தது. "அப்பிடிச் சொல்லு! பாக்க ஊமச்சியாட்டம் இருந்துக்கிட்டு, வீடு அதிரணுமாம்ல இவளுக்கு!" மறுபடி சிரிப்பு. இந்தத் தடவை அதில் நான் இல்லை. பில்லை மடித்துப் பையில் வைத்துக்கொண்டேன். அவள் சொன்னதை மறுத்து நான் ஒரு வார்த்தை சொல்லவில்லை. நிம்மதியாக இருந்தது என்பதையும் எழுதத்தான் வேண்டும்.

அதன்பிறகு அந்த வீட்டில் அவள் அதிரும் சத்தம் பிடித்த மருமகள். விருந்தாளி வந்தால், "இவளுக்குச் சத்தம் பத்தாது, கூட்டி வையி" என்பார்கள். மாப்பிள்ளைக்கு அதில் ஒரு பெருமை. மண்டியிலிருந்து வந்ததும் அவளுக்காகவே பாட்டுப் போடுவார். நான் பஸ் பிடித்துக் கம்பம் போகும்போதெல்லாம், "மாமா, உங்க வேலை எப்படி அடிக்குது பாருங்க" என்று வால்யூமைத் திருகுவார். உட்கார்ந்திருக்கும் நாற்காலியே நடுங்கும். நானும் தலையை ஆட்டிக்கொண்டிருப்பேன்.

ஒருமுறை அப்படிப் பாட்டு ஓடிக்கொண்டிருக்கும்போது தண்ணீர் குடிக்க அடுக்களைக்குப் போனேன். மகள் தலையைச் சுற்றித் துண்டை இறுகக் கட்டிக்கொண்டு, கண்ணை மூடிச் சுவரில் சாய்ந்து நின்றாள். பாட்டு முடிந்ததும் துண்டை அவிழ்த்து, முடியைச் சரிசெய்துகொண்டு, "காப்பி போடட்டாப்பா?" என்றாள். நான் எதையும் பார்க்கவில்லை என்று இருவரும் வைத்துக்கொண்டோம்.

அடுத்த முறை போகும்போது பையில் ஒரு பழைய பூத்துவாலையை எடுத்துப்போனேன். குழாயின் வாயை இறுக அடைத்துவிட்டால் பெட்டி ஏறக்குறைய பழையபடி மூடிய பெட்டியாகிவிடும். இதற்கும் முறை உண்டு. மாப்பிள்ளை மண்டிக்குப் போயிருந்தார், பெரியவர்கள் சாப்பிட்டுப் படுத்திருந்தார்கள். துவாலையை உருட்டிக் குழாய்க்குள் திணித்துக்கொண்டிருந்தபோது மகள் காப்பித் தம்ளரோடு வந்தாள்.

"என்னப்பா பண்றீக?"

"அடைச்சுட்டா அதிராதும்மா. வெளிய தெரியாது."

"பாட்டுப் போட்டாத் தெரிஞ்சுருமே. அதிரணும்னு கேட்டவளுக்கு இப்ப என்ன வந்துச்சும்பாக."

"நான் சொல்லிடுறேன். எம்மேலதான் தப்புன்னு."

"என்னன்னு சொல்வீக? வந்த அன்னைக்கே எம்மக உங்க எல்லார்ட்டயும் பொய் சொன்னான்னா?"

குரலில் கோபம் இல்லை. இருந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். தம்ளரை ஸ்டூலில் வைத்துவிட்டுக் குனிந்து, நான் சிரமப்பட்டுத் திணித்த துவாலையை நுனியைப் பிடித்து உருவினாள். உதறி, மடித்து, என் பையில் வைத்தாள். வாசலில் மாப்பிள்ளையின் மோட்டார் சைக்கிள் வந்து நின்றது.

"மாமா எப்ப வந்தீக? என்ன, இன்னும் பாட்டுப் போடலையா?" என்று கேட்டுக்கொண்டே உள்ளே வந்தார்.

"இதோ" என்று மகளே ரிமோட்டை எடுத்து அழுத்தினாள். முன்னால் இருந்த காப்பித் தம்ளரில் வளையம் வளையமாக அலை எழுந்தது. நான் போட்ட கணக்கு அப்படியே இருந்தது, இம்மி பிசகவில்லை. அவள் தம்ளரை எடுத்து என் கையில் கொடுத்துவிட்டு அடுக்களைப் பக்கம் போனாள்.